46 என்பது எந்த 46? திண்டிவனத்தில் ஒரு பழைய பன்னிரண்டு கம்பி கிட்டார்

போன மாதம் நண்பர் ஒருவர் ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பியிருந்தார். நாலு படம், கீழே மூணு வரி. "ஆன்டிக் ட்வெல்வ் ஸ்ட்ரிங் கிட்டார். 1946 மாடல். பிரிட்டிஷ் ஆபீசர் வைத்திருந்தது. விலை 40,000. இடம் திண்டிவனம்."

வழக்கமாக இங்கே கல்வெட்டு, பழைய பத்திரம், ஏரி மதகு என்றுதான் எழுதுகிறேன். கிட்டார் என் இன்னொரு வியாதி. கல்லூரி நாளிலிருந்து ஆறு கம்பி வாசிக்கிறேன், சுமாராக. பன்னிரண்டு கம்பி மேல் இருபது வருட ஆசை. விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் ஒன்று கிடக்கிறது என்றால் கை சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை காலை விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போதே மனதுக்குள் அதை வாங்கி, வீட்டில் எங்கே வைப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டேன். பழைய பொருள் பார்க்கப் போகிறவன் செய்யக்கூடாத முதல் தப்பு அது.

படங்களைப் பார்த்தபோதே 1946 இடித்தது. பன்னிரண்டு கம்பி கிட்டார் அமெரிக்காவில் அதற்கு முன்பே உண்டு. லெட் பெல்லி வாசித்த ஸ்டெல்லா எல்லாம் அந்தக் காலம்தான். ஆனால் நாற்பதுகளில் அந்த வகை ஏறக்குறைய மறைந்துபோனது. நாட்டுப்புறப் பாடல் அலை வந்த பிறகுதான், ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும், பெரிய கம்பெனிகள் திரும்ப அதைச் செய்ய ஆரம்பித்தன. படத்தில் இருந்த கிட்டாரின் உருவம் அறுபதுகளுக்குப் பிந்தையது. தலைப்பகுதியில் யமஹா என்று வேறு இருந்தது. யமஹா தன் எஃப்ஜி வரிசையைத் தொடங்கியதே 1966-ல். பிரிட்டிஷ் ஆபீசர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும்.

"ஆன்டிக்" என்ற சொல்லுக்கும் நம் நாட்டில் சட்டப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருஷம் கேட்கிறது, கையெழுத்துச் சுவடி போன்றவற்றுக்கு 75. விளம்பரம் சொல்கிற 1946 உண்மையாகவே இருந்தாலும் அந்த வரிசையில் நிற்காது. இப்போது பரணில் இருந்து இறக்கிய எல்லாமே ஆன்டிக், இல்லாவிட்டால் வின்டேஜ். தூசி தட்டாமல் இருந்தால் இன்னும் ஐயாயிரம் கூடுதல்.

வீட்டில் அக்கா, தம்பி இரண்டு பேர் இருந்தார்கள். அப்பா வாத்தியாராக இருந்தவர், இறந்து இரண்டு வருடம் ஆகிறதாம். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், அதனால் பரண் காலி ஆகிறது. தம்பிதான் விளம்பரம் போட்டவர்.

"1946-னு எப்படிங்க தெரியும்?"

"உள்ள போட்டிருக்குது சார். பாருங்க."

செல்போனை செல்ஃபி பக்கம் திருப்பி, டார்ச் வெளிச்சம் காட்டி, சவுண்ட் ஹோல் வழியாக உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். (பல் டாக்டர் கண்ணாடி எல்லாம் தேவையில்லை. கம்பி தளர்ந்திருந்தால் போன் நுழைந்துவிடும்.) உள்ளே சிவப்பு லேபிள். நிப்பான் கக்கி, எஃப்ஜி-230, மேட் இன் ஜப்பான். நெக் வந்து சேருகிற கட்டையில் மை முத்திரை: 46.8.11. தம்பி சொன்னது பொய்யில்லை. 46 என்று போட்டுத்தான் இருந்தது.

ஆனால் அது ஜப்பானியர் எழுதிய 46. அவர்கள் அரசரின் ஆட்சி ஆண்டை வைத்து எண்ணுகிறவர்கள். ஷோவா முதல் ஆண்டு 1926. ஷோவா எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். 46-ஐக் கூட்டினால் 1971, ஆகஸ்ட் 11. நம் கல்வெட்டில் "கோப்பரகேசரிக்கு யாண்டு 12" என்று இருந்தால், எந்தப் பரகேசரி என்று கேட்காமல் யாராவது 12-ஐ அப்படியே கிறிஸ்து ஆண்டாக எடுப்பார்களா? அதே கதைதான்.

ஒரே ஒரு சான்றை நம்பி எழுதக்கூடாது என்பதால் மற்றதையும் பார்த்தேன். "மேட் இன் ஜப்பான்" என்ற சொல்லே ஒரு சாட்சி. போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே இருந்த காலத்தில், 1947 முதல் 1952 வரை, ஏற்றுமதிப் பொருட்கள் பலவற்றில் "ஆக்குபைட் ஜப்பான்" என்று அச்சிட்டார்கள். நிப்பான் கக்கி என்ற கம்பெனிப் பெயர் 1987-ல் யமஹா கார்ப்பரேஷன் ஆனது. ஆகவே லேபிளின் மேல் எல்லை 1987, எஃப்ஜி வரிசையின் கீழ் எல்லை 1966. சிவப்பு லேபிள் அந்த வரிசையின் தொடக்க வருடங்களுக்கு உரியது. 1971 அதற்குள் அழகாக உட்காருகிறது. லேபிளைப் பிய்த்து ஒட்டலாம், கட்டையில் குத்திய மை முத்திரையை மாற்றுவது கஷ்டம். அதனால் முத்திரைக்கே முதல் மரியாதை.

எனக்கு இதைவிட ருசியாக இருந்தது பெட்டியின் ஜிப் பைக்குள் கிடந்த ஒரு பில். மவுண்ட் ரோடு கடை ஒன்றில் கம்பி வாங்கிய பில். தேதி கரைந்துபோயிருந்தது. ஆனால் கடை முகவரியில் மெட்ராஸ்-2 என்று இல்லாமல் மெட்ராஸ் 600 002 என்று முழு பின்கோடு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். வாங்கினவர் முகவரியில் "திண்டிவனம், தெ.ஆ. மாவட்டம்". தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பரில். ஆக, 1972-க்கும் 1993-க்கும் நடுவில் இந்தக் குடும்பத்தில் ஒருவர் கிட்டார் கம்பி வாங்கியிருக்கிறார். (பழைய மாவட்டப் பெயரை விடாமல் எழுதியவர்களும் உண்டு, என் தாத்தா கடைசி வரை தெ.ஆ.தான். ஒன்றிரண்டு வருடம் தள்ளிக்கூட வைத்துக்கொள்ளலாம்.)

இன்னொன்று. பழைய துருக் கம்பிகளைக் கழற்றியபோது மேலே இருக்கும் நட், பசை விட்டு, கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். பிரித்தால் பஸ் டிக்கெட். "பெரியார் போக்கு" என்று பாதி தெரிந்தது. தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்து 1975-ல் தொடங்கியது. 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது. நட்டின் பள்ளம் ஆழமாகி, கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைந்திருக்கிறது. யாரோ டிக்கெட்டை மடித்து வைத்து நட்டை உயர்த்தியிருக்கிறார். அந்த ரிப்பேர் நடந்தது பெரும்பாலும் அந்த 22 வருடத்துக்குள். கிட்டாருக்கு ஒரு வயது, நட்டுக்கடியில் இருக்கிற ரிப்பேருக்கு வேறு வயது. பன்னிரண்டு கீயில் ஒன்று மட்டும் வேறு தினுசு, அதற்கு இன்னொரு வயது. மொத்தமாக ஒரே வருடத்தைச் சொல்லி விற்கிற விளம்பரங்கள் எல்லாமே இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப வெள்ளக்காரன் குடுத்துட்டுப் போனதுன்னு தாத்தா சொன்னது?"

அக்கா சிரித்தார். "தாத்தா எதத்தான் வெள்ளக்காரன் குடுத்ததுன்னு சொல்லல? அது சிங்கப்பூர் சித்தப்பா கொண்டாந்தது. சிதம்பரம் கப்பல்ல. நான் அப்ப நாலாவது படிச்சேன்."

எம்.வி. சிதம்பரம், எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பல். 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் கதை முடிந்தது. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி கடும் கட்டுப்பாட்டில் இருந்த வருடங்கள் அவை. ஜப்பான் கிட்டார் ஒன்று திண்டிவனம் வந்து சேர ஒரு சித்தப்பா தேவைப்பட்டார் என்பது இயல்பு. முத்திரை, பில், டிக்கெட், அக்காவின் நாலாம் வகுப்பு, நாலும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை.

சரி, வயது முடிந்தது. வாங்கலாமா?

இங்கேதான் எனக்கு நம் ஊர் வின்டேஜ் பேச்சோடு சண்டை. "பழைய மரம் சார், சத்தம் தேன் மாதிரி இருக்கும்" என்பார்கள். திருவக்கரையில் இரண்டு கோடி வருடத்து மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயதுதான் கணக்கு என்றால் அதில் கம்பி கட்டலாம். பழைய மரத்துக்கு நாதம் கூடும் என்ற வாதத்தைச் சொல்கிறவர்கள்கூட ஒரே பலகையாக அறுத்த மேல்பலகையை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். இந்தக் கிட்டாரின் சவுண்ட் ஹோல் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். மேலே ஓடுகிற ரேகை ஓரத்தில் இறங்கி உள்ளே தொடரவில்லை. நடுவில் வேறு அடுக்கு. அதாவது பிளை. கேவலம் இல்லை. நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் ஐம்பது வருடம் ஈடுகொடுத்து ஒரு வெடிப்பு இல்லாமல் இருப்பதற்குக் காரணமே அந்தப் பிளைதான். ஒரே பலகையாக இருந்திருந்தால் அந்தப் பரண் சூட்டில் நடுவே பிளந்திருக்கும். ஆனால் "தேன் மாதிரி" வாதம் இதற்குப் பொருந்தாது.

பன்னிரண்டு கம்பியில் உண்மையான கேள்வி இழுவிசை. சாதாரண ஆறு கம்பி கிட்டாரில் மெல்லிய கம்பி போட்டு முழுச் சுருதி ஏற்றினால் மொத்த இழுப்பு சுமார் 73 கிலோ. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு நெல் மூட்டை. பன்னிரண்டு கம்பியில் அது 110 கிலோவைத் தாண்டும். ஒன்றரை மூட்டை. அதை இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள பலகையும், உள்ளே ஒட்டிய சில குச்சிகளும், நெக்கைப் பிடித்திருக்கும் ஒரு பசை மூட்டும் தாங்க வேண்டும், இரவும் பகலும். வாசிக்காதபோது கம்பியைத் தளர்த்தி வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் கிடையாது. "அப்பா போனப்புறம் யாரும் தொடல சார்" என்று தம்பி பெருமையாகச் சொன்னார். யாரும் தொடவில்லை என்றால் யாரும் தளர்த்தவும் இல்லை. அப்பா அதற்கு முன்பே பல வருடமாக வாசிப்பதை விட்டிருந்தாராம்.

கம்பி இல்லாமல் பார்த்தால் நெக் நேராகத்தான் இருந்தது. பழைய கிட்டார் பார்க்கிற பலர் ஏமாறுகிற இடம் இது. விற்கிறவர் "கம்பி மட்டும் மாத்தினா போதும்" என்பார், நாமும் தலையாட்டுவோம். சுமை இல்லாத பாலத்தைப் பார்த்துப் பாலம் நல்லா இருக்கு என்று சொல்வது மாதிரி. அதனால் நான் ஒரு செட் புதுக் கம்பி கையோடு கொண்டு போயிருந்தேன். கேட்டுக்கொண்டு, டிக்கெட்டை மடித்தபடியே நட்டுக்கடியில் திரும்ப வைத்து, மாட்ட ஆரம்பித்தேன். பன்னிரண்டும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அக்கா இரண்டு தடவை காபி கொடுத்தார்.

முழுச் சுருதி ஏற்றவில்லை. ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு ஃப்ரெட் அளவு, கீழே நிறுத்தினேன். கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு ஃப்ரெட் இறக்கினால் அதிர்வெண் 11 சதவீதம் குறையும், இழுப்பு 20 சதவீதத்துக்கு மேல் குறையும். ஒன்றரை மூட்டை, ஒரு மூட்டையும் கொஞ்சமும் ஆகிறது. பழைய பன்னிரண்டு கம்பியை எடுத்தவுடன் முழுச் சுருதிக்கு ஏற்றிக் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள், ஏற்றச் சொல்லியும் கேட்காதீர்கள். மூன்றாவது கம்பியின் மெல்லிய ஜோடியைக் கடைசியாக ஏற்றினேன். முதல் கம்பியைவிட உச்ச சுருதி அதற்குத்தான், அறுந்தால் அதுதான் முதலில் அறும்.

ஏற்றின உடனே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரம் 4.2 மில்லிமீட்டர். இரண்டாவது காபிக்கு அப்புறம் அளந்தால் 4.5. கண்ணெதிரே ஏறுகிறது. வாசிக்க வசதியாக 2.5 வேண்டும். அதாவது 2 மில்லிமீட்டர் இறக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே 2 இறங்க, பிரிட்ஜில் இருக்கும் சாடிலை 4 மில்லிமீட்டர் ராவ வேண்டும். சாடில் பிரிட்ஜுக்கு மேலே தெரிவதே 2 மில்லிமீட்டர். யாரோ ஏற்கெனவே ராவி முடித்துவிட்டார்கள். இல்லாத இடத்தில் ராவ முடியாது.

இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினேன். நல்ல நிலையில் உள்ள கிட்டாரில் ஸ்கேலின் நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல்தளத்தில் வந்து உட்காரும். இதில் மூன்று மில்லிமீட்டர் கீழே முட்டியது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை தொப்பை போட்டிருக்கிறது, முன்னால் சவுண்ட் ஹோல் பக்கம் குழிந்திருக்கிறது. பிரிட்ஜின் பின் ஓரத்தில் விசிட்டிங் கார்டு கால் அங்குலம் உள்ளே போனது. மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள். நெக்கின் கோணம் போய்விட்டது. ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகும் என்று கடைகளில் சொல்வார்கள். ஆகாது. ட்ரஸ் ராட் நெக்கின் வளைவை நிமிர்த்தும், நெக் உடம்போடு சேருகிற கோணத்தைத் தொடாது. நெக்கைக் கழற்றி, மூட்டைச் சீவி, திரும்ப ஒட்ட வேண்டும். அந்தக் கால யமஹாக்களில் பசை லேசில் விடாது என்று ரிப்பேர்காரர்கள் சலித்துக்கொள்கிற வேலை அது. அந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் போகிற செலவையும் சேர்த்தால் கிட்டார் விலையை நெருங்கிவிடும்.

இவ்வளவையும் அளந்துவிட்டு வாசித்தேன். முதலில் அதைத்தான் செய்திருக்க வேண்டும், ஆனால் வாசித்த பிறகு ஸ்கேலை எடுக்க மனசு வராது என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் அது ஒரு அற்புதம். கீழ் நான்கு கம்பிக்கும் ஆக்டேவ் ஜோடி இருப்பதால் ஒரு சாதாரண ஜி கார்டே இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது போலக் கேட்கிறது. அடிநாதம் ஒல்லி, பிளையின் குணம். ஆனால் பன்னிரண்டு கம்பிக்கு அது குறையாகத் தெரியவில்லை, மேல் மினுக்கம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. சுருதி இறக்கி வைத்திருந்ததில் கொஞ்சம் கனமும் வந்திருந்தது. ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் போனால் கம்பி உயரத்தில் விரல் கெஞ்சுகிறது, அழுத்த அழுத்த சுருதி ஏறி ஸ்வரம் பிசகுகிறது. பாடலுக்குப் பின்னால் கார்டு வாசிக்கிற கிட்டாராக இன்னும் பல வருடம் ஓடும், சுருதியை இறக்கியே வைத்திருந்தால். தனியாக மெட்டு வாசிக்க ஆகாது.

அக்கா வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பா இவ்வளவு சத்தமா வாசிக்க மாட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விலைப் பேச்சில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. 1946 பொய் என்று சொன்னால் விலை இறங்கும், அது எனக்கு லாபம். ஆனால் சிவப்பு லேபிள் யமஹாவைத் தேடி வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லாமல் விடுவதும் எனக்கு லாபம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் ஆராய்ச்சி இல்லை, தரகு. இரண்டையும் சொன்னேன். நெக் வேலையையும் சொன்னேன். ரிப்பேர் செலவைக் கழித்து என்னால் 18,000 தர முடியும் என்றேன். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றார். புதுக் கம்பியைக் கழற்றவில்லை, தளர்த்தி மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்து போன். புதுச்சேரியிலிருந்து ஒருவர் படத்தைப் பார்த்தே 35,000 சொல்கிறாராம். "அவரு 1946-ன்னுதான் நினைச்சிட்டிருக்காரு. நீங்க சொன்னத அவர்கிட்ட நான் சொல்லணுமா சார்?"

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். என்ன பதில் சொல்வது என்பதில் சந்தேகம் இல்லை, ஆனால் சொல்ல ஒரு நிமிடம் ஆனது. எனக்கு வர வேண்டியதை இன்னொருவர் கொண்டுபோகிறார் என்ற பொறாமையில் சொல்கிறேனா, உண்மை என்பதால் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "சொல்லிடுங்க. முத்திரைய போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. நெக் விஷயத்தையும் சொல்லிடுங்க" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

நேற்று பார்த்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது. 1946 போய் 1971 ஆகியிருக்கிறது, பிரிட்டிஷ் ஆபீசரைக் காணோம், "சிங்கப்பூரில் வாங்கியது" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. விலை அதே 40,000. என்னுடைய 18,000 அப்படியே நிற்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கிறேன்.